கட்டுமானத் துறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சைட் இன்ஜினியராக நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் 12 மணி நேர வேலை, கான்கிரீட் நாளென்றால் நள்ளிரவு. பதவி உயர்வு மட்டும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த நள்ளிரவு பெரும்பாலும் முந்தின நாளே முடிவாகிவிடுகிறது. 400 சதுர மீட்டரில் 150 மி.மீ. கனத்தில் ஸ்லாப் (கான்கிரீட் தளம்) என்றால் 60 கன மீட்டர் கான்கிரீட். 6 கன மீட்டர் லாரி பத்து. பம்பில் ஒரு லாரி காலியாக 20 நிமிடம் என்றால், காலை 7 மணிக்குத் தொடங்கியது பத்தரைக்குள் முடியும். கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கவர் பிளாக் போதவில்லை, எலக்ட்ரிக்கல் பைப் ஒன்று விட்டுப்போயிற்று என்று காலையில்தான் தெரிந்தால், முதல் லாரியே மதியம் 2 மணிக்குத்தான். ஐந்தரைக்குக் கொட்டி முடித்தாலும் கிளம்ப முடியாது. மேலே ஊறி நிற்கும் நீர் வற்றிய பிறகே தேய்க்க வேண்டும்; முன்பே தேய்த்தால் மேல்பரப்பு பின்னாளில் பொடியாக உதிரும். குளிர்ந்த மாலையில் அது இன்னும் தாமதமாகும். கொட்டுவதைப் பாதியில் நிறுத்தினால் பழையது இறுகி, புதியது ஒட்டாமல், அந்தக் கோட்டில் நீர் கசியும்.

ஆகவே சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை) மட்டம், கம்பி, பைப், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் கூடுதலாக ஒன்று எல்லாவற்றையும் முந்தின நாள் மதியத்துக்குள் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரவு நின்றவர் மறுநாள் தாமதமாக வரலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தூக்கமில்லாமல் சாரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

பதவி உயர்வுக்கு உதவுவது நின்ற நேரமல்ல, கையிலிருக்கும் கணக்கு. அதே ஸ்லாபுக்கு 63 கன மீட்டர் கான்கிரீட் செலவாகியிருந்தால், சராசரி கனம் 157.5 மி.மீ. பலகையைத் தாங்கும் முட்டு இறங்கியதா, மட்டம் தவறியதா, பம்புக் குழாயில் தங்கியதா? ஒவ்வொரு தளத்துக்கும் இதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாள்களோடு போய், ஆறு மாதம் பில்லிங் அல்லது பிளானிங் பிரிவில் போடும்படி எழுத்தில் கேளுங்கள். அளவெடுத்து பில் போடத் தெரியாதவரிடம் முழு புராஜெக்ட்டையும் ஒப்படைக்க யாரும் துணிய மாட்டார்கள்.

கேள்வி: கம்பி கட்டுகிறேன். ஃபோர்மேன் ஆக எதைக் கற்க வேண்டும்?

பதில்: டிராயிங் படிக்கவும், வெட்டு நீளம் போடவும். 230 × 450 மி.மீ. பீம், கவர் (கம்பிக்கு வெளியே மூடும் கான்கிரீட்) 25 என்றால், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் வெளியளவு 180 × 400. சுற்றளவு 1160, 8 மி.மீ. கம்பிக்குக் கொக்கி இரண்டும் சேர்த்து 160 கூட்டி, வளைவுகளுக்கு 96 கழித்தால் 1224 மி.மீ. 12 மீட்டர் கம்பியில் ஒன்பது ரிங் போக 98 செ.மீ. மிச்சம். நூறு கம்பிக்கு அது ஏறக்குறைய 39 கிலோ. அந்தத் துண்டுகளை ஸ்லாபில் மேல்கம்பியைத் தாங்கும் ‘சேர்’ (நாற்காலி போல வளைத்த கம்பி) செய்ய ஒதுக்கி, வெட்டத் தொடங்கும் முன்பே பட்டியலில் எழுதிக் காட்டுங்கள்.