லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாலைவனத்தில் (பாம் டெசர்ட்) இருக்கும் பெற்றோரைப் பார்க்க வார இறுதியில் காரில் போகிறோம். அலுப்பில்லாமல் போய்வர என்ன செய்யலாம்?

முதலில் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். தூரம் சுமார் 120 மைல்தான், சாலை காலியாக இருந்தால் இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்பினால் இதே தூரம் மூன்று, நான்கு மணி நேரம் இழுக்கும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பெற்றோரோடு காலைச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்துவிடலாம். ஒரே சிரமம், கிழக்கு நோக்கி ஓட்டுவதால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியின் உட்புறத்தை முந்தின இரவே துடைத்துவையுங்கள். உள்ளே படிந்த மெல்லிய படலம்தான் கண்ணை அதிகம் கூச வைக்கும். ஏப்ரலில் இண்டியோவில் கோச்செல்லா இசைவிழா நடக்கும் வார இறுதிகளைத் தவிர்ப்பது நல்லது.

டயர் காற்றை வீட்டு வாசலிலேயே, வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். பாலைவனத்தில் இறங்கியபின் அளந்து பார்த்து, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. அப்படி இறக்கினால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், மேலும் சூடாகும், கடைசியில் வெடிக்கவும் கூடும். கோடையில் அங்கே 110 டிகிரி சாதாரணம் என்பதால், ஆறு வருடம் தாண்டிய டயரோடு போகாதீர்கள். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

வழியில் பேனிங் என்ற ஊரைத் தாண்டியதும் காற்றாலைகள் வரும். கடற்கரைப் பக்கத்துக் குளிர்காற்று, சூடான பாலைவனத்தை நோக்கி இந்த மலை இடுக்கு வழியாகத்தான் பாய்கிறது. வசந்த காலத்தில் மாலை நேரத்தில் இது மிகவும் பலமாக இருக்கும். பாம் ஸ்பிரிங்ஸுக்குள் போகும் இந்தியன் கேன்யன் டிரைவ், ஜீன் ஆட்ரி டிரெயில் இரண்டையும் மணல் பறக்கும்போது அடிக்கடி மூடிவிடுவார்கள். மணல் வாரி அடித்தால் பெயின்ட்டும் கண்ணாடியும் பொரிந்துபோகும். அதனால் ஐ-10 நெடுஞ்சாலையை விட்டு இறங்காமல் மான்டரே அவென்யூ வரை போய், அங்கே இறங்குவதே நல்லது.

போன இடத்தில் ஊர் சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் இருப்பதுதான் சரி. அந்த நேரத்தில் பெற்றோருக்கு உருப்படியாக ஒன்று செய்யலாம்: ஏசி ஃபில்டரை மாற்றிக் கொடுங்கள். ஏணி ஏறி மாற்றுவது வயதானவர்களுக்குக் கஷ்டம், அதனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அளவு பழைய ஃபில்டரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும், அதைப் படமெடுத்துப்போய் நான்காக வாங்கிவைத்துவிடுங்கள். மாட்டும்போது அம்புக்குறி இயந்திரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து ஏசிக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் பனி கட்டும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், வீடு மட்டும் குளிராது.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் பாம் ஸ்பிரிங்ஸ் கம்பிவட ஊர்தி. பத்து நிமிடத்தில் 8,516 அடி உயரத்துக்குப் போய்விடும், மேலே கீழைவிட 30 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குளிராக இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ள பெற்றோராக இருந்தால் டாக்டரிடம் கேட்டபிறகே கூட்டிப்போங்கள். செப்டம்பரில் வருடாந்தரப் பராமரிப்புக்காக மூடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புவது ஞாயிறு காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு மேல். நடுவில் கிளம்பினால் பேனிங், போமான்ட் பக்கம் ஊர்ந்துதான் போக வேண்டும். இன்னொன்று, பாலைவனத்துக்கு வரும்போது போமான்ட் தாண்டியதும் இறக்கம், பின்காற்று. ஊர் திரும்பும்போது போமான்ட் வரை 2,000 அடிக்கு மேல் ஏற்றம், அதோடு எதிர்க்காற்று. எலெக்ட்ரிக் கார் என்றால் வந்தபோது செலவான சார்ஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெற்றோர் வீட்டுச் சாதாரண பிளக்கிலாவது இரவு முழுக்கப் போட்டு, நன்றாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.