எட்டு நாள் பிரிந்திருந்தால் தாய்ப்பால் வற்றிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் எட்டு நாள் பயிற்சிக்கு ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும். குழந்தை கிருஷ்ணகிரியில் என் மாமியாரிடம் இருப்பான். "அங்கே போய்ப் பால் கட்டிக்கொண்டு அவதிப்படுவாய், மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி இப்போதே நிறுத்திவிடு" என்கிறார் அத்தை. நிறுத்த எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நிறுத்தாதீர்கள். பால் கட்டும் என்று உங்கள் அத்தை அஞ்சுவது சரியே. ஆனால் அதற்காகக் குழந்தையின் பாலை நிறுத்தத் தேவையில்லை. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். ஆகவே மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் ஒரு தடவையாவது, பாலைப் பீய்ச்சி எடுத்துவந்தால் எட்டு நாளில் சுரப்பு நின்றுவிடாது. சற்றுக் குறைந்தாலும், திரும்பியதும் குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் மீண்டுவிடும். பெங்களூரில் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு முறை எடுத்துவிடுங்கள். ஜெர்மனியிலும் நம்மைப் போல 230 வோல்ட் மின்சாரம்தான். ஆனால் நமது மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது என்பதால் அடாப்டருடன் கையால் இயக்கும் பம்பு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பயிற்சிக்கு இடையே நேரம் கேட்கத் தயங்க வேண்டாம்: குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரு முறை பாலூட்டும் இடைவேளை தாய்க்கு உண்டு என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் முதற்கொண்டு நம் நாட்டில் உள்ள உரிமை. மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இன்றிலிருந்தே காலையில் குழந்தை குடித்த பின் மிஞ்சும் பாலை எடுத்துச் சேமியுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சிறிய ஃப்ரீசரில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தனிக் கதவு உள்ள ஃப்ரீசர் என்றால் ஆறு மாதம் வரை வைக்கலாம். உறைந்த பாலை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. மேலே ஆடைபோல் திரளும் கொழுப்பைக் கெட்டுப்போனது என்று எண்ணிக் கொட்டிவிடாமல், மெல்லச் சுழற்றிக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். சேமித்தது போதாவிட்டால் எந்தப் பால் மாவு தரலாம் என்று குழந்தை நல மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கேழ்வரகுக் கஞ்சியும் மசித்த பருப்புச் சோறும் வழக்கம்போல் தொடரட்டும்.

பாட்டில் வேண்டாம், பாலாடை போதும் என்பது என் உறுதியான கருத்து. குழந்தையை நிமிர்த்தி மடியில் இருத்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, அவன் விழுங்கிய பிறகே அடுத்த வாய் தர வேண்டும். இதை அத்தை இந்த வாரமே பழகட்டும். நீங்கள் அருகில் இருந்தால் அவன் உங்களையே தேடுவான், ஆகையால் அந்த நேரத்தில் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

திரும்பி வந்த அன்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, வெளிச்சம் குறைந்த அறையில் மார்பில் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலான குழந்தைகள் மறுப்பதில்லை.