ராம்ப்ளருக்குள்ள 390 என்ஜின்: ஒரிஜினல் எஸ்சி/ராம்ப்ளரை எப்படி கண்டுபிடிக்கறது?

ஓஹையோல இருக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "1969 எஸ்சி/ராம்ப்ளர் ஒண்ணு விலைக்கு வருது சார். செவப்பு வெள்ளை நீலம்னு பெயின்ட் பளபளன்னு இருக்கு, பானட் மேல காத்து புகற பெரிய ஸ்கூப் இருக்கு, ஒரிஜினல்தான்னு சத்தியம் பண்றாங்க. எதை வச்சு நம்பறது? வாங்கலாமா?"

மொதல்ல அந்த பெயின்டையும் ஸ்கூப்பையும் கணக்குலயே எடுத்துக்காதீங்க. ரெண்டையும் இன்னைக்கு யாரு வேணா ஒரு சாதா ராம்ப்ளர் மேல ஏத்திடலாம், ஏத்தியும் இருக்காங்க. இந்தக் காரோட கதை தெரிஞ்சா போதும், எங்க பாக்கணும்னு தானா புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1954ல நேஷ், ஹட்சன்ங்கற ரெண்டு கார் கம்பெனியும் சேந்து அமெரிக்கன் மோட்டார்ஸ், அதாவது ஏஎம்சி ஆச்சு. ராம்ப்ளர்னா அவங்களுக்கு சிக்கனமான குடும்பக் கார், பெட்ரோல் கம்மியா குடிக்கும், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அமெரிக்காவுல ராம்ப்ளர்ங்கற பேருக்கே 1969தான் கடைசி வருஷம். அந்தக் கடைசி வருஷத்துல, கியர் லீவருக்கு பேர் போன ஹர்ஸ்ட் கம்பெனியோட சேந்து, ராம்ப்ளர்ல ரோக்ங்கற சின்ன மாடலோட பாடிக்குள்ள, ஏஎம்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரோட 390 கன அங்குல வி8 என்ஜினை எறக்கிட்டாங்க, 315 குதிரைசக்தி, விலை 2,998 டாலர். நேர் கோட்டுல விரட்டற டிராக் ரேஸ்ல, கம்பெனி வண்டிகளுக்கான எஃப்/ஸ்டாக் பிரிவுதான் குறி. விளம்பரத்துலயே கால் மைல் 14.3 செகண்ட்னு போட்டாங்க. 500 கார் பண்ணா போதும்னு ஆரம்பிச்சது, கேட்டு வந்த கூட்டத்தைப் பாத்துட்டு மொத்தம் 1,512 வரைக்கும் போச்சு. எஸ்சி ராம்ப்ளர்னு சேத்து சொன்னா ஸ்க்ராம்ப்ளர், அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.

விலையை 3,000க்கு கீழ வைக்கணும்ங்கறதுக்காக எல்லா காரையும் ஒரே மாதிரி பண்ணாங்க பாருங்க, அதுதான் இப்ப உங்களுக்கு கைகொடுக்கும். எல்லாமே போர்க்-வார்னர் நாலு கியர் மேனுவல், ஹர்ஸ்ட் லீவர், 3.54 ரியர் ஆக்சில், ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிடி குடுக்கற ட்வின்-கிரிப் டிஃபரன்ஷியல். கூடுதல் காசு குடுத்து வாங்கற ஆப்ஷன்னு பாத்தா ஒரே ஒரு ஏஎம் ரேடியோ. அதனால ஆட்டோமேட்டிக் வண்டியைக் காட்டி ஒரிஜினல்னாலோ, கம்பெனிலயே ஏசி போட்டு வந்ததுன்னாலோ, அந்தப் பேச்சை அங்கயே முடிச்சிடலாம்.

இப்ப விஐஎன்னுக்கு, அதாவது காரோட அடையாள நம்பருக்கு வாங்க. அது ஏ9எம்097எக்ஸ்னு ஆரம்பிக்கணும். ஏ ஏஎம்சிக்கு, 9 வருஷத்துக்கு, எம் ஃப்ளோர்ல இருக்கற நாலு கியருக்கு, 09 ராம்ப்ளர் ரெண்டு கதவு ஹார்டுடாப், 7 ரோக், கடைசி எக்ஸ்தான் 390. 1969ல வேற எந்த ராம்ப்ளருக்கும் 390 குடுக்கல, அதனால அந்த ஒரு எழுத்துதான் இந்தக் காரோட உயிர். அந்த இடத்துல வேற எழுத்து இருந்தா எவ்ளோ அழகா பண்ணியிருந்தாலும் அது நகல்தான், நகலுக்கு உண்டான விலையைத்தான் குடுக்கணும். டைட்டில்ல, அதாவது ஓனர்ஷிப் பத்திரத்துல இருக்கற நம்பரையும் காரோட பிளேட்டையும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, பிளேட்டோட ரிவெட் நோண்டின மாதிரி தெரிஞ்சா தள்ளி வந்துடுங்க.

அடுத்தது என்ஜின். ஷெவர்லேல பாக்கற மாதிரி என்ஜின் பிளாக்ல காரோட நம்பர் அடிச்சிருக்கும்னு தேடாதீங்க, ஏஎம்சி அந்தக் காலத்துல அதை பண்ணல. யாராவது "மேட்சிங் நம்பர்ஸ்", அதாவது என்ஜின் நம்பரும் கார் நம்பரும் ஒத்துப்போகுதுன்னு சொன்னா எதை வச்சு சொல்றீங்கன்னு கேளுங்க. பின்னாடி வந்த ஏஎம்சியோட 360, 401 என்ஜின் எல்லாம் வெளியப் பாத்தா அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், ஆனா பிளாக்கோட பக்கவாட்டுல, என்ஜின் மவுண்ட் பக்கத்துல, வார்ப்புலயே 390னு எழுதியிருக்கும், டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

காரை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லி பின்பக்கம் கீழ பாருங்க. ஷாக் அப்சார்பர் ஒண்ணு ஆக்சிலுக்கு முன்னாடி, இன்னொண்ணு பின்னாடி இருக்கணும், ஆக்சிலைப் பிடிச்சு நிறுத்தற டார்க் லிங்க் ரெண்டும் இருக்கணும். நகல் பண்றவங்க பெரும்பாலும் இந்த அளவுக்கு மெனக்கெட மாட்டாங்க.

பெயின்ட் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். பக்கவாட்டுல அகலமா செவப்பு, பானட்ல ஸ்கூப்பைக் காட்டற நீல அம்பு, இது ஏ டிசைன். முக்கால்வாசி வெள்ளையா கீழ மெல்லிசா செவப்பு நீலக் கோடு மட்டும் இருந்தா பி டிசைன், அதுவும் கம்பெனியே பண்ணதுதான், அளவுல கம்மி. பி காரைப் பாத்து போலின்னு நெனைச்சு விட்டவங்க உண்டு, அந்தத் தப்பை நீங்க பண்ணிடாதீங்க.

நம்பர் சரியா இருந்தா, அப்பறம் முழு கவனமும் துருவுலதான் இருக்கணும். ஓஹையோ குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, இது தனி சேஸிஸ் இல்லாத யூனிபாடி வேற, தரை அரிச்சா வண்டியோட பலமே போச்சு. சின்ன காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போய் பின் சக்கரத்துக்கு மேல, கதவுக்கு கீழ இருக்கற ராக்கர் பேனல், டிக்கி தரை எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டிதான். என்ஜின் சாமான் ஏஎம்சியோட மத்த கார்களான ஏஎம்எக்ஸ், ஜாவலின் புண்ணியத்துல இன்னும் கெடைக்குது, ராம்ப்ளர் பாடி தகடு கெடைக்கறதுதான் பெரிய பாடு. அதனால என்ஜின் செத்துப்போய் பாடி நல்லா இருக்கற வண்டியை தாராளமா வாங்குவேன், பளபளன்னு ஓடற துருப்பிடிச்ச வண்டியைத் தொட மாட்டேன்.

ஓட்டிப் பாக்கும்போது என்ஜின் நல்லா சூடான பிறகு ஐடில்ல ஆயில் பிரஷரை கவனிங்க. இந்த என்ஜின்ல ஆயில் பம்ப் முன்னாடி டைமிங் கவர்லயே இருக்கு, அந்த அலுமினியம் தேஞ்சா பிரஷர் எறங்கிடும். பின் ஆக்சில்ல ஹப்பும் ஷாஃப்ட்டும் தனித்தனி, யாராவது கழட்டி சரியா முடுக்காம விட்டிருந்தா ஹப் மட்டும் வழுக்கும், கிளட்சை விடும்போது பின்னால "டக்"னு சத்தம் வந்தா அதையும் செக் பண்ணச் சொல்லுங்க. ரெண்டுமே சரி பண்ணக்கூடியதுதான், அந்த செலவை விலைல கழிச்சுக்கோங்க. விஐஎன் பிளேட்டை நல்லா பக்கத்துல வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு அப்பறமா நேர்ல கிளம்புங்க.