இகெபானா கற்க என்ன செலவாகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானில் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்தும் சென்னை வாசகி ஒருவரிடமிருந்தும் இகெபானா, அதாவது ஜப்பானிய மலர் அலங்காரம், பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கணவரின் வேலைக்காக டோக்கியோ வந்திருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆசிரியை இகெபானா சொல்லித் தருகிறார். மாதம் 5,000 யென் என்று நோட்டீஸில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவோ, கடைசியில் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? எந்தப் பள்ளியில் சேரலாம்?
(வாசகி, நிஷிகசாய்)

பதில்: பக்கத்து வீட்டு அம்மா சொல்வதுதான் நடக்கும். நோட்டீஸில் போடுவது பெரும்பாலும் 'கெஸ்ஷா' மட்டும். ஆசிரியைக்கான மாதக் கட்டணம் அது. பூவுக்குத் தனிக்காசு, அதை 'ஹனாதாய்' என்பார்கள். ஒரு வகுப்புக்குப் பூ மட்டுமே 1,000 முதல் 2,000 யென் வரை ஆகலாம். மாதம் மூன்று வகுப்பு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பூவை வகுப்பு முடிந்ததும் நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கிப் பழகலாம் என்பதால் காசு வீணாவதில்லை. ஆனால் வகுப்புக்குப் போகாவிட்டாலும் பூவுக்குக் காசு கேட்பார்கள். பூக்கடையில் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான் காரணம். எத்தனை நாள் முன்னால் சொன்னால் பூவை நிறுத்தலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இவை போக நுழைவுக் கட்டணம், பாடப்புத்தகம், அப்புறம் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்தப் பள்ளியின், அதாவது இகெபானா மரபின், தலைமையிடத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்குவது வழக்கம். ஆரம்பப் படிகளுக்குத் தொகை சிறியது. ஆசிரியர் தகுதியை நெருங்க நெருங்க பல்லாயிரம் யென் வரை போகும். சான்றிதழ் வாங்காமலே கற்க முடியுமா, வாங்கினால் கடைசிப் படி வரை மொத்தம் எவ்வளவு, இரண்டையும் கேளுங்கள். விலைப் பட்டியலைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல ஆசிரியர்கள் தாங்களாகவே எடுத்துக் காட்டுவார்கள்.

பள்ளி என்று பார்த்தால் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். இகெனோபோ மிகப் பழையது. கியோட்டோவின் ரொக்ககுதோ கோயிலோடு சேர்ந்தது. இகெனோபோ செங்கெய் என்ற துறவி பூ அடுக்கியதைப் பற்றிய குறிப்பு 1462-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. ஒஹாரா 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. தாழ்ந்த, அகலமான பாத்திரத்தில் அடுக்கும் 'மொரிபானா' முறையை அதன் நிறுவனர் ஒஹாரா உன்ஷின் கொண்டுவந்தார். சோகெட்சு 1927-இல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கியது.

இரண்டு மூன்று ஆண்டு மட்டும் ஜப்பானில் இருக்கப்போகிறவர்களுக்கு நான் சோகெட்சுவைச் சொல்வேன். ஆங்கிலப் பாடப்புத்தகம் உண்டு, டோக்கியோ அகாசகாவில் உள்ள அதன் தலைமையகத்தில் வெளிநாட்டவருக்கென்றே வகுப்பும் நடக்கிறது. ஆனால் பொறுமையாகச் சொல்லித் தரும் ஆசிரியை பக்கத்திலேயே இருந்தால் எந்தப் பள்ளியானாலும் அவரிடமே போங்கள். ஒரு முறை மட்டும் வந்து பார்க்கும் 'தைகென்' வகுப்பைப் பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் போகாமல் சேர வேண்டாம்.

கேள்வி: பூவைக் குத்தி நிறுத்தும் கென்சான் 100 யென் கடையிலும் இருக்கிறது, 2,500 யெனுக்கும் இருக்கிறது. வித்தியாசம் உண்டா, வெறும் பெயருக்கா?
(வாசகர், யோகோஹாமா)

பதில்: நிறைய வித்தியாசம் உண்டு. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் மட்டும் பிடிக்காதீர்கள்.

கென்சானின் வேலையே கனமாக உட்கார்ந்திருப்பதுதான். அடிப்பகுதி ஈயம், மேலே பித்தளை ஊசிகள். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கென்சான் கிட்டத்தட்ட அரைக் கிலோ இருக்கும். மரக்கிளையைச் சாய்வாக வெட்டி, நேராகக் குத்தி இறக்கி, அப்புறம்தான் வேண்டிய பக்கம் சாய்ப்பார்கள். அரை மீட்டர் கிளை ஒருபக்கமாகச் சாயும்போது 100 யென் கடையில் கிடைப்பது போன்ற சின்னக் கென்சான் கனம் போதாமல் அப்படியே தூக்கிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தப்பு கென்சானில் இருக்கும். சின்னது ஒற்றைப் பூவுக்கு, சாப்பாட்டு மேசையில் வைக்கும் கிண்ணத்துக்கு, சரி.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஊசிகள் நெருக்கமாக, ஒரே உயரத்தில், நேராக நிற்க வேண்டும். மெல்லிய தண்டும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே நழுவாமல் நிற்கும் அளவுக்கு நெருக்கம் வேண்டும். அடியில் ரப்பர் வளையம் இருந்தால் பாத்திரம் கீறாது. வளைந்த ஊசியை நிமிர்த்த 'கென்சான் நாவோஷி' என்ற சின்னக் கருவி தனியாகக் கிடைக்கும்.

பழசு வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். பழைய பொருட்களை வாங்கி விற்கும் மெர்காரி செயலியில் நல்ல கென்சான்கள் பாதி விலைக்கே கிடைக்கின்றன. பித்தளை இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. கறுத்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். ஊசி உடைந்து இடைவெளி விழுந்திருக்கிறதா என்று மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அது ஈயம். சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள், தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பாத்திரம் பெரிதாக வாங்கிவிட்டால் பின்னால் மாற்ற வேண்டாம் அல்லவா?
(அதே வாசகர்)

பதில்: பெரிதாக வாங்கினால் மாதாமாதம் பூக்கடைக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள். சோகெட்சுவின் அடிப்படை முறையில் முதல் கிளையான 'ஷின்' எவ்வளவு நீளம் என்பதைப் பாத்திரம்தான் முடிவு செய்கிறது. பாத்திரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, ஒன்றரையால் பெருக்க வேண்டும். இரண்டாவது கிளை 'சோஎ', ஷின்னில் முக்கால் பங்கு. 30 சென்டிமீட்டர் அகலம், 6 ஆழம் என்றால் ஷின் 54 சென்டிமீட்டர், சோஎ 40-க்கு மேல். அதையே 20 அகலம், 5 ஆழத்தில் வைத்தால் ஷின் 37-க்குச் சற்று மேல், சோஎ 28. நீளமான கிளை ஒன்றையே நறுக்கி இரண்டையும் எடுத்துவிடலாம். வீட்டுப் பயிற்சிக்குச் சிறியதே போதும். பூ வேலைப்பாடு இல்லாத, ஒரே நிறப் பாத்திரமாகப் பாருங்கள்.

கேள்வி: நான் இடதுகைக்காரி. கத்தரிக்கோல்?
(வாசகி, சைதாமா)

பதில்: இடதுகைக்கென்றே செய்த 'ஹனபசாமி' உண்டு, கேட்டு வாங்குங்கள். வலதுகைக் கத்தரியை இடதுகையால் பிடித்தால் தண்டு வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கிய தண்டு தண்ணீர் இழுக்காது. பிடியில் விரல் நுழையும் வளையம் இருப்பது, இல்லாதது என இரு வகை. எது வேண்டும் என்று ஆசிரியையைக் கேட்காமல் வாங்காதீர்கள். கார்பன் ஸ்டீல் என்றால் வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். கம்பி வெட்டவே கூடாது.

கேள்வி: ஆறு மாதக் கட்டணமாக 60,000 யென் முன்கூட்டியே கட்டினேன். இரண்டே மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல். மீதியைத் தர மாட்டோம், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். 'கூலிங் ஆஃப்', அதாவது குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை, கேட்கலாமா?
(வாசகி, ஒசாகா)

பதில்: கூலிங் ஆஃப் உங்களுக்குப் பொருந்தாது. நீண்டகால ஒப்பந்தங்களில் கூலிங் ஆஃப் கேட்கவும், அதன் பிறகு இடையில் முறிக்கவும் உள்ள சிறப்பு உரிமையை ஜப்பானியச் சட்டம் ஏழு வகைச் சேவைகளுக்கு மட்டுமே தருகிறது. மொழி வகுப்பு, டியூஷன், கணினி வகுப்பு, அழகு நிலையம் எல்லாம் அதில் உண்டு. மலர் அலங்காரம் இல்லை. வீடு தேடி வந்தோ போன் செய்தோ சேர்த்துவிட்டிருந்தால் எட்டு நாள் அவகாசம் இருந்திருக்கும். நீங்களே போய்ச் சேர்ந்திருந்தால் அதுவும் இல்லை.

ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 2001-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் ஒப்பந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு பிடிப்போம் என்று எழுதிவைத்திருந்தாலும், அந்த வகுப்புக்கு ஏற்படும் சராசரி நட்டத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அது செல்லாது. 2006-இல் பல்கலைக்கழகக் கட்டணங்கள் பற்றிய வழக்கில் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும், நுழைவுக் கட்டணம் திரும்பாது, ஆனால் ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குமுன், மார்ச் முடிவதற்குள் விலகியவர்களின் கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழியில்தான் போனது. ஆகவே நுழைவுக் கட்டணத்தையும், உங்களுக்காக ஏற்கெனவே வாங்கிய பூவின் விலையையும் விட்டுவிட்டு, நடக்காத மாதங்களுக்கான தொகையை எழுத்தில் கேளுங்கள். இன்னும் வாங்காத பூவுக்கு அவர்களுக்கு நட்டமே கிடையாது என்பதையும் எழுதுங்கள்.

மசியாவிட்டால் 188-ஐ அழையுங்கள். உங்கள் பகுதி நுகர்வோர் மையத்துக்கு இணைப்பு கிடைக்கும். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, தேவைப்பட்டால் அவர்களே இரு தரப்புக்கும் நடுவே பேசுவார்கள். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தமும் ரசீதும் கையில் இருக்கும்போது பேசுங்கள்.

கேள்வி: அக்கா டோக்கியோவிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள். இகெபானா பழக என்ன வாங்கிவரச் சொல்ல?
(வாசகி, சென்னை)

பதில்: ஏழெட்டு சென்டிமீட்டர் வட்டக் கென்சான் ஒன்று, கத்தரி ஒன்று. இரண்டையும் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாத்திரம் வேண்டாம், வழியில் உடையும். தண்ணீர் கசியாத, தட்டையான அடியுள்ள அகலக் கிண்ணம் எதுவும் போதும்.