டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கையெழுத்துப் போட்டவருக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: வணக்கம் ஐயா. புதுக்கோட்டைப் பக்கம் ஊர். சிங்கப்பூரில் ஆறு வருடமாகக் கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட். ஜனவரியில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கூரையில் தண்ணீர்க் குழாய் மாற்றும்போது சுமார் 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துவிட்டேன். பெல்ட் போட்டிருந்தேன், ஆனால் கொக்கியை மாட்ட அங்கே கயிறோ கம்பியோ எதுவும் இல்லை. கம்பெனி கூட்டிப்போன கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) லைட் டியூட்டியும் (எளிய வேலை) கொடுத்தார்கள். வலி தாங்காமல் நானே அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். குதிகால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது மருத்துவமனை எம்.சி.யில் இருக்கிறேன். ஓவர்டைம் சேர்த்து மாதம் 1,150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும், கம்பெனி அடிப்படைச் சம்பளம் 700 மட்டும் போட்டிருக்கிறது. கேட்டால், “காலையில் சேஃப்டி பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், டிரெய்னிங் எடுத்ததாக உன் பெயர் இருக்கிறது, தப்பு உன் மேல், அதிகம் பேசினால் ஊருக்கு அனுப்பிவிடுவோம்” என்கிறார்கள். உயரத்தில் வேலை செய்யும் கோர்ஸுக்கு என்னை அனுப்பவே இல்லை. எனக்குக் கிளெய்ம் கிடைக்குமா? என்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் அதே கூரையில்தான் ஏறுகிறார்கள்.

பதில்: கிடைக்கும் தம்பி. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், அதாவது டூல்பாக்ஸ் மீட்டிங்கில், போட்ட அந்தக் கையெழுத்து உங்கள் இழப்பீட்டைத் தடுக்காது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைப் போல விழுந்தவர்கள் பலர் “கையெழுத்துப் போட்டுவிட்டேனே” என்று பயந்தே வாய் திறக்காமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் மேல் தப்பு என்று கேட்பதே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாகக் காயம் பட்டதா? அது மட்டும்தான் கேள்வி. கவனக்குறைவு உங்களுடையதாகவே இருந்தாலும் இழப்பீடு உண்டு. குடித்துவிட்டோ போதையிலோ காயம் பட்டிருந்தால், அல்லது நீங்களே சண்டைக்குப் போய் அடிபட்டிருந்தால்தான் சிக்கல். உங்கள் கதையில் அப்படி எதுவும் இல்லை. உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதலாளி இதற்கான இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். பணம் பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸிலிருந்துதான் வரும்.

இப்போது எம்.சி. சம்பளத்துக்கு வருகிறேன், உங்களை உடனடியாக அடிக்கிற விஷயம் அதுதான். சாதாரண எம்.சி. என்றால் 14 நாள் வரை, மருத்துவமனை எம்.சி. என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. முழுச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் இல்லை, விபத்துக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி வருமானம். ஓவர்டைமும் அதில் சேரும். உங்கள் சராசரி 1,150 என்றால் கம்பெனி மாதம் 450 வெள்ளியைக் குறைத்துப் போட்டிருக்கிறது. பழைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கில் பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். லைட் டியூட்டியில் இருந்த நாட்களுக்கும் வருமானம் குறைந்திருந்தால் அதையும் கேட்கலாம்.

மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, இந்தச் சட்டத்தின்கீழ் 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. மருத்துவமனை பில்லை உங்கள் கையில் கொடுத்து “நீ கட்டு, பிறகு பார்க்கலாம்” என்றால் கட்டாதீர்கள், மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள்.

காலில் நிரந்தரக் குறை இருந்தால் ஒரு மொத்தத் தொகையும் வரும். காயம் ஓரளவு நிலைபெற்ற பிறகு டாக்டர் இத்தனை சதவீதம் குறை என்று மதிப்பிடுவார். வயது, சராசரி வருமானம், சதவீதம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். உங்கள் விபத்துத் தேதிக்குக் குறைந்தபட்ச அளவு 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி, இரண்டையும் அந்தச் சதவீதத்தால் பெருக்க வேண்டும். உதாரணமாக 10 சதவீதம் என்று வந்தால் 11,600 வெள்ளிக்குக் குறையாது, 34,600க்கு மேல் போகாது. ஆகவே இப்போதே யாராவது 2,000, 3,000 என்று கையில் திணித்து “எல்லாம் முடிந்தது” என்று எழுதிய தாளை நீட்டினால் தொடாதீர்கள்.

அந்த முதல் கிளினிக் விஷயம் எனக்கு உறுத்துகிறது. 2020 செப்டம்பர் முதல், ஒரு நாள் எம்.சி.யோ லைட் டியூட்டியோ கிடைத்தாலே வேலையிட விபத்தை மனிதவள அமைச்சுக்கு 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது, அந்தக் கணக்கில் இரண்டு நாள் எம்.சி. கேட்டு வாங்கும் பழக்கம் சில கம்பெனிகளுக்கு இன்னும் போகவில்லை. உங்கள் விபத்தைத் தெரிவித்தார்களா என்று அமைச்சிடமே கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே தெரிவிக்கலாம். கிளெய்ம் போட விபத்து நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். அரசாங்க மருத்துவமனையில் “எப்படி அடிபட்டது” என்று கேட்டபோது, வேலையில் கூரையிலிருந்து விழுந்தேன் என்று சொன்னீர்களா? அது பதிவில் இருப்பது மிக முக்கியம். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கையெழுத்து எங்கேதான் கணக்கில் வரும்? இழப்பீட்டுச் சட்டத்தை விட்டுவிட்டு, முதலாளியின் கவனக்குறைவால்தான் காயம் பட்டது என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் வரும். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தொகை கூடலாம், ஆனால் தப்பை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். உங்கள் பங்குக்கும் தப்பு இருந்தால் அந்த அளவுக்குக் குறைப்பார்கள். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்டரின் சதவீதம் தெரிவதற்கு முன் அவசரப்பட்டு வழக்குக்குப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. இழப்பீட்டுக் கிளெய்முக்கு வக்கீலே தேவையில்லை. தங்கும் விடுதி வாசலில் நின்று “நான் கேஸ் நடத்தித் தருகிறேன்” என்று கார்டு கொடுப்பவர்களிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்த டூல்பாக்ஸ் மீட்டிங் தாள்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலை ஏழரைக்கு லாரி பானெட்டின் மேல் ஒரு அட்டை, ஒரே பேனா, வரிசையாகக் கையெழுத்து. “இன்றைய பாதுகாப்பு விஷயம்” என்ற கட்டம் காலியாக இருக்கும், சாயங்காலம் ஆபீசில் ஒரே கையெழுத்தில் நிரப்புவார்கள். அன்றைக்கு எம்.சி.யில் இருந்தவர் பெயருக்கு எதிரேயும் கையெழுத்து இருப்பதுண்டு. ஆகவே அந்தத் தாள் உங்களிடம் இருந்தாலோ, நண்பர் போனில் படம் இருந்தாலோ பத்திரமாக வையுங்கள். வழக்கு என்று வந்தால் அது கம்பெனிக்கு எதிராகவே பேசும்.

ஏனென்றால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியிடம் கேட்பது தாளை அல்ல. தொழிலாளிக்குப் போதுமான தகவல், பயிற்சி, மேற்பார்வை கொடுக்க வேண்டும் என்கிறது. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடம் என்றால் உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி பெறாதவரை ஏற்றவே கூடாது, அன்றைய வேலைக்கென்று தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்தப் பயிற்சி தமிழிலேயே நடக்கிறது. ஃபோர்மேன் புரியாத மொழியில் ஐந்து நிமிடம் கத்திவிட்டுப் போவதைப் பயிற்சி என்று எந்த நீதிபதியிடமும் சொல்லிப் பார்க்கட்டும். நீங்கள் வந்த புதிதில் எடுத்த கட்டுமானப் பாதுகாப்பு கோர்ஸ் பொதுவானது, அது உயரத்து வேலைக்கான கோர்ஸுக்கு ஈடாகாது. கொக்கி மாட்ட இடமே இல்லாத கூரையில் பெல்ட் கொடுத்து ஏற்றியது எந்தப் பயிற்சியாலும் சரியாகாத குறை. அது முழுக்க முதலாளியின் பொறுப்பு.

ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். பெர்மிட்டை ரத்து செய்தாலும் கிளெய்ம் நடக்கும்போது இங்கே தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுக்க முடியும். பலவந்தமாக சாங்கி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவுக் கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் “வேலையில் காயம், கிளெய்ம் முடியவில்லை” என்று சொல்லுங்கள், அமைச்சுக்குத் தகவல் போகும். தங்க இடம், சாப்பாடு பிரச்சினை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் நண்பர்கள். நீங்கள் கடைசி வரியில் எழுதினீர்கள், எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது. அமைச்சின் 6317 1111 எண்ணுக்குப் போன் செய்து, எந்த இடம், எந்தக் கூரை, கயிறு கட்ட இடமில்லை என்பதைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று வெளியே விட மாட்டார்கள். அமைச்சிடம் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும், நீக்குவேன் என்று மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். பெல்ட்டுக்கோ பாதுகாப்புக்கோ சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. உங்கள் விபத்தைப் பார்த்தவர் சாட்சி சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு எடுத்த போட்டோ, வாட்ஸ்அப் குரல் பதிவு எதுவாவது அவரிடம் இருந்தால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கூரை நாளைக்கே வேறு மாதிரி மாறிவிடலாம், அதனால் போனை இன்றே செய்யுங்கள்.