மகன் போய் ஏற்றி வந்தான் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்

கேள்வி: என் அக்கா இறந்து இரண்டு வருடம். அத்தான் மறுமணம் செய்துவிட்டார். குடிக்கிறார், அக்காவின் திவசத்தையும் ஒழுங்காகச் செய்வதில்லை, நகைகளையும் தரவில்லை. 15 வயது மகள் அங்கே இருக்க முடியாமல் போன வெள்ளிக்கிழமை எங்களிடம் வந்துவிட்டாள். என் மகன்தான் மூதூருக்குப் போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான். இப்போது அத்தான் பொலிஸுக்குப் போவேன் என்கிறார். பிள்ளை தன் விருப்பத்தில்தானே வந்தாள்? யாருடன் இருப்பது என்று அவள் சொல்ல முடியாதா?
- வாசகி, உவர்மலை

பதில்: சொல்லலாம். நீதிமன்றம் கேட்டும் கொள்ளும். ஆனால் முடிவு அவளுடையது அல்ல.

திவசம், நகை, மறுமணம் மூன்றையும் ஓரமாக வையுங்கள். மனைவியை இழந்தவர் மறுபடி கட்டுவது குற்றமில்லை. தாய் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன்தான் சட்டப்படி பாதுகாவலர். சித்தியான நீங்கள் எவ்வளவு பாசமாக இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு வராது. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை வாசித்தது, மகன் போய் ஏற்றி வந்த அந்த ஒரு வரியை.

16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையைப் பாதுகாவலரின் சம்மதமில்லாமல் கூட்டிப்போனாலும், ஆசைகாட்டி வரவழைத்தாலும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 352ஆம் பிரிவுப்படி அது கடத்தல். பிள்ளை விரும்பி வந்தாளா என்பது அங்கே எடுபடாது. தண்டனை ஏழு வருடம் வரை சிறை. அவளாகவே பஸ் ஏறி உங்கள் வாசலில் வந்து நின்றிருந்தால் எனக்கு வாதாட ஏதாவது இருந்திருக்கும். மகன் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் ஏற்றி வந்ததோடு அதில் பாதி போய்விட்டது. முதல்நாள் வட்ஸ்அப்பில் “வந்திடு பிள்ளை” என்று நீங்களும் அனுப்பியிருந்தால் மீதியும் போச்சு. இருந்தால் அழிக்க வேண்டாம். அவளுடைய போனிலும் அது இருக்கும், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். தமிழ்நாட்டு வக்கீல்களின் யூடியூப் விளக்கங்களையும் விட்டுவிடுங்கள். அங்கே சட்டமும் வயதெல்லையும் வேறு.

நான் அதிகம் பயப்படுவது இதற்கு அடுத்த கட்டத்துக்கு. வீட்டில் வளர்ந்த மகன், 16 ஆகாத பெண்பிள்ளை, கோபத்தில் இருக்கும் தகப்பன். முறைப்பாட்டில் அவர் ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் போதும், விஷயம் குடும்பச் சண்டையாக இருக்காது. பிள்ளையைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோவார்கள், மகன் விளக்கமறியலில் இருப்பான். கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிந்தாலும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் ஊரில் கெட்டிருக்கும். ஆகவே மகன் சில நாள் வேறு உறவினர் வீட்டில் தங்கட்டும். ஒளியச் சொல்லவில்லை, பொலிஸ் கூப்பிட்டால் அன்றைக்கே போக வேண்டும்.

16 ஆகும்வரை சத்தமில்லாமல் வைத்திருக்கலாமா என்று யோசிப்பீர்கள். வெள்ளிக்கிழமை நடந்தது பிறந்தநாளோடு மறையாது. 18 வரைக்கும் பாதுகாவலர் தகப்பன்தான். ஆட்கொணர்வு மனுவோடு மேல் நீதிமன்றத்துக்குப் போனால் பிள்ளையை நீங்கள் அங்கே முன்னிலைப்படுத்தியே ஆக வேண்டும்.

அவர் அடித்தாரா? கடிதத்தில் இல்லை. அடித்திருந்தால் கதை வேறு: சிறுவர் கொடுமைக்கென்று 308அ பிரிவு இருக்கிறது, சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு இன்றே எடுங்கள். அடிக்கவில்லை என்றால் அடித்ததாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் விழும் பெரிய குழி இதுதான். தகப்பன் வீடு ஆபத்து என்று இவர்கள் சொல்வார்கள், சித்தி வீட்டுப் பையன் ஆபத்து என்று அவர் சொல்வார். நீதவான் இரண்டையும் நம்பி, விசாரணை முடியும்வரை பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார். சாதாரண தரப் பரீட்சைக்கு அங்கிருந்துதான் படிக்க வேண்டி வரும்.

எனவே சமாதானமாகப் போங்கள். நாளைக் காலையில் பிள்ளையோடு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போய், அவள் உங்களிடம் இருப்பதை நீங்களே பதியுங்கள். அவர் முந்துவதற்குள் போவது முக்கியம். அப்புறம் நன்னடத்தை அலுவலர் மூலம் அத்தானைக் கூப்பிட்டு, பரீட்சை முடியும்வரை உங்களிடம் இருக்கச் சம்மதம் என்று எழுத்தில் வாங்குங்கள். கிராம சேவகர் முன் முத்திரைத் தாளில் எழுதினால் பாதுகாவல் உங்களுக்கு மாறிவிடாது. நாளைக்கே மனம் மாறி அவர் திருப்பிக் கேட்கலாம். ஆனாலும் அதன் பிறகு கடத்தல் என்று சொல்வது அவருக்குக் கஷ்டம். பாடசாலை மாற்றத்துக்கும் அவருடைய கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பேச்சில் நகையை எடுக்காதீர்கள். அக்காவின் சீதன வீட்டையும்தான். எடுத்த அந்த நிமிடமே, “பிள்ளையை வைத்துச் சொத்துக் கேட்கிறார்கள்” என்று அவர் எழுதிக் கொடுப்பார். பிள்ளையின் பங்கு எங்கேயும் போகாது, அதற்குத் தனி வழக்கு இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் மூதூருக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்டால், சரி என்று சொல்லுங்கள். திரும்பி வரும் திகதியை மட்டும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.