கேம்பர் டிரெய்லர் ஃபிரிட்ஜ் ராமேஸ்வரம் பக்கம் வந்ததும் குளிரவில்லை. சரிசெய்வதா, மாற்றுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கோயம்புத்தூரிலிருந்து பழைய கேம்பர் டிரெய்லரை இழுத்துவந்து அரியமான் பக்கம் நிறுத்தியிருக்கிறீர்கள். சிலிண்டர், பேட்டரி, வீட்டுக் கரண்ட் மூன்றிலும் ஓடக்கூடிய ஃபிரிட்ஜ். கொடைக்கானலில் நன்றாக ஓடியது, இங்கே வந்ததும் பால் திரிகிறது. பார்க்க வந்த மெக்கானிக், “கேஸ் போயிருச்சு சார், அடிச்சா சரியாயிரும்” என்கிறார்.

கேஸ் (குளிரூட்டும் வாயு, சிலிண்டர் கேஸ் அல்ல) அடிக்கச் சொல்லாதீர்கள். நான் ராமநாதபுரத்தில் ஃபிரிட்ஜ், ஏசி, மீன்கடைக் கூலர் வேலை பார்ப்பவன். இப்போது சுற்றுலா வண்டிகளும் வருவதால் இந்த மூன்று வழி ஃபிரிட்ஜ்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது, அவர் பார்த்துப் பழகியதெல்லாம் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். உங்களுடையதில் கம்ப்ரசரே இல்லை. பின்பக்கம் காதை வைத்துப் பாருங்கள், சத்தமே வராது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் இரும்புக் குழாய்க்குள் அதிக அழுத்தத்தில் அடைத்து, தொழிற்சாலையிலேயே வெல்டிங் செய்து மூடியிருப்பார்கள். கீழே சூடு கொடுத்தால் அம்மோனியா பிரிந்து மேலே போய், குளிர்ந்து, திரவமாகி, உள்ளே ஆவியாகும்போது குளிர் கிடைக்கிறது. 1922ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த வான் பிளேட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. ஸ்வீடன்காரர்கள் நம்ம ஊர் சித்திரை வெயிலை மனதில் வைத்து யோசித்திருக்க மாட்டார்கள்!

பிரச்சினையில் பாதி அந்த வெயில்தான். இந்த வகை ஃபிரிட்ஜ் பொதுவாக வெளி வெப்பத்தைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி கீழே கொண்டுபோகும். கொடைக்கானலில் வெளியே 20 டிகிரி இருந்தால் உள்ளே ஐஸே பிடிக்கும். இங்கே டிரெய்லரின் தகரச் சுவருக்குப் பின்னால் 40 டிகிரி இருந்தால் உள்ளே 15க்குக் கீழே இறங்காது, பால் திரியத்தான் செய்யும். கதவைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். SN, N என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரைக்கும், ST என்றால் 38 வரைக்கும், T என்றால் 43 வரைக்கும் என்று அர்த்தம். உங்களுடையது SN, N என்றால் இங்கே கோடையில் அதைத் திட்டிப் பயனில்லை.

சரி, செத்துவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் மூக்கை நம்புங்கள். அம்மோனியா நெடி அடித்தாலோ, பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் கறை, மஞ்சள் பொடி தெரிந்தாலோ ஓட்டை விழுந்துவிட்டது. அந்த மஞ்சள், உள்ளே துருப் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் சோடியம் குரோமேட். விஷம், வெறுங்கையால் தொடாதீர்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். அந்தக் குழாய்த் தொகுப்பை, அதாவது கூலிங் யூனிட்டை, இந்தப் பக்கம் யாராலும் சரிசெய்ய முடியாது, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

நெடியும் கறையும் இல்லையென்றால் ஒரு ராத்திரி சோதனை போதும். வண்டியை மட்டம் பார்த்து நிறுத்துங்கள். இந்தக் குழாய்களில் திரவம் தானாக வழிந்து இறங்கித்தான் சுற்றுகிறது. மணலில் ஒரு சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தாலே குளிர் நின்றுவிடும். ஃபிரிட்ஜைக் காலியாக்கி, 230 வோல்ட்டில் போட்டு, குளிரை அதிகபட்சத்தில் வைத்து விடியும்வரை விடுங்கள். காலையில் உள்ளேயிருக்கும் அலுமினிய ஃபின் (குளிரைப் பரப்பும் தகடுகள்) சில்லென்று இருந்தால் யூனிட் நன்றாக இருக்கிறது. பின்னால் புகைக்குழாய் கொதிக்கிறது, ஃபின் மட்டும் குளிரவில்லை என்றால் உள்ளே அடைப்பு. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும் என்பார்கள். சில சமயம் சரியாகும், ஆனால் நிலைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கரண்டில் ஓடுகிறது, சிலிண்டரில் ஓடவில்லை என்றால் கோளாறு பர்னரில். உப்புக்காற்றில் புகைக்குழாய் துருப்பிடித்து, செதில் செதிலாகப் பர்னர் மேல் விழும். பர்னருக்குக் கேஸ் வரும் ஜெட்டின் துளை மிகச் சின்னது. ஊசியால் குத்தினால் பெரிதாகிவிடும், ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வென்ட்டுக்குள் (ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் உள்ள காற்றுத் திறப்பு) காற்றுப் புகுந்து சுடரை அணைத்துவிடுவதும் உண்டு. அப்போது வண்டியைத் திருப்பி நிறுத்துவதுதான் வைத்தியம். பெட்ரோல் பங்கில் நுழையும் முன் சுடரை அணைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் ஒழுங்காக இருந்து வெயில்தான் காரணம் என்றால், மேல் வென்ட்டில் ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் வைத்து சூட்டை வெளியே தள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கச் சுவரில் மேற்கு வெயில் படாமல் நிறுத்துங்கள். இந்த இரண்டிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

மாற்றுவதாக இருந்தால், இந்தக் கடற்கரைக்கு என் ஓட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்குத்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் ஓடும், வெயிலையும் தாங்கும். வீட்டு சிங்கிள் டோரைவிட விலை அதிகம், அளவோ அதில் நாலில் ஒரு பங்கு. அதைப் பார்த்துவிட்டு சிலர் வீட்டு ஃபிரிட்ஜையே இன்வெர்ட்டரோடு மாட்டச் சொல்வார்கள். டிரெய்லர் ஒரே இடத்தில் கரண்டோடு நிற்கிறது என்றால் தாராளமாக மாட்டலாம். ஓடும் வண்டியில் வேண்டாம். குலுக்கலில் குழாயில் விரிசல் விழும். புதிய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது R600a, தீப்பிடிக்கும் வாயு.

பேட்டரிக் கணக்கையும் போட்டுவிடுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 50 வாட் இழுக்கும். இங்குள்ள சூட்டில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 600 வாட் அவர் (வாட்டை மணியால் பெருக்கிய கணக்கு), அதாவது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் அவர். 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும், ஆக அது ஒரு நாளுக்குத்தான். 200 வாட் சோலார் பேனல் இருந்தால் ஓட்டிவிடலாம். உங்கள் பழைய ஃபிரிட்ஜ் பேட்டரியில் 120 வாட்டுக்கும் மேல் நிறுத்தாமல் இழுக்கும். கார் ஓடும்போது மட்டும் அதை பேட்டரியில் போடுங்கள், நிறுத்தியபின் வேண்டாம்.

புது ஃபிரிட்ஜ் வாங்கியும் ‘அடிக்கடி நின்றுபோகிறது’ என்று வருபவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஃபிரிட்ஜ், நடுவே வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். கம்ப்ரசர் கிளம்பும்போது 10 ஆம்பியர் இழுத்தால் போகவர ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தன்னை அணைத்துக்கொள்ளும். 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போடுங்கள். முனைகளில் பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வைத்து, மேலே கிரீஸ் தடவுங்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் ஒரு மழைக்காலம் போதும், செம்பு பச்சையாகிவிடும்.

செலவே வேண்டாம், நாலு நாள்தான் தங்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, நம்ம ஊருக்கே உரியது. ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி எல்லாம் போட்டுக்கு ஐஸ் ஏற்றும் ஊர்கள். தடித்த சுவர் உள்ள நல்ல ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி, ஐஸ் கம்பெனியில் “அண்ணே, கால் பார் குடுங்க, உடைக்காம” என்று கேளுங்கள் (பார் என்பது ஒரு முழு ஐஸ் பாளம்). முழுத் துண்டு, உடைத்த ஐஸைவிட வெகுநேரம் தாங்கும். ஒரு கிலோ ஐஸ் உருக ஏறக்குறைய 93 வாட் அவர் வெப்பம் தேவை, பத்து கிலோ என்றால் லேசுப்பட்டதல்ல. மீனுக்குப் போடும் ஐஸ் அது, ஜூஸில் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் எந்தக் கம்பெனி ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

பழைய யூனிட்டைக் கழற்றினால் காயலான் கடைக்காரரிடம் உள்ளே அழுத்தத்தில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இரும்பு எடைக்கு ஆசைப்பட்டு கட்டிங் டார்ச்சை வைத்துவிடப் போகிறார்.